கத்தரிச் செடி மீது ஒரு வழக்கு

ஜப்பானிய மேப்பிள் கிளை கிளையாகச் சாகும். முழு மரமும் செக்கச்செவேலென்று நிற்க, ஒரே ஒரு கொப்பு மட்டும் வாடித் தொங்கும். இலை உதிராது. சுருண்டு காய்ந்து, காம்போடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நியூ ஜெர்சியில், எடிசனுக்குப் பக்கத்தில் 2012-இல் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்கட்டில் அப்படி ஒரு மரம் இருந்தது. வீட்டைக் காட்ட வந்த முகவர் சமையலறையில் நின்ற நேரத்தைவிட அந்த மரத்தடியில் நின்ற நேரம்தான் அதிகம். பதினைந்தடி உயரம். வசந்தத்தில் கருஞ்சிவப்பாகத் துளிர்த்து, கோடையில் கொஞ்சம் மங்கி, அக்டோபர் கடைசியில் குங்குமச் சிவப்பாகிக் கொட்டும். ‘பிளட்குட்’ என்ற ரகம். அமெரிக்கப் புறநகர்களில் வீட்டுக்கு வீடு நிற்கிற சிவப்பு ஜப்பானிய மேப்பிள்களில் பல இந்த ரகம்தான்.

ஜப்பானிலும் கொரியாவிலும் மலைக்காடுகளில் தானாக வளர்கிற சிறுமரம் இது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க் 1784-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதற்கு வெகுகாலம் முன்பே ஜப்பானியர்கள் இதில் இலை நறுக்கியது, இலை சுருண்டது, பட்டை சிவந்தது என்று ரகம் ரகமாகப் பிரித்து வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் உண்டு. பெரும்பாலும் ஒட்டுக் கன்றுகள்தான். விதையில் முளைத்த சாதாரண பச்சை மேப்பிளின் வேரில், வேண்டிய ரகத்தின் குச்சியைச் செருகிக் கட்டுகிறார்கள். அதாவது மேலே நிற்பது ஒரு மரம், கீழே இருப்பது வேறொரு மரம். பெரியகுளம் பக்கம் மாந்தோப்பில் வளர்ந்த என் மாமியாருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. மரத்தைப் பார்த்ததும், “ஒட்டுதான மாப்ள?” என்று கேட்டுவிட்டு, அடித்தண்டில் ஒட்டுத் தழும்பைத் தேடினார். தழும்பு கண்ணில் படவில்லை. அது ஏன் படவில்லை என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

2016 ஜூனில் தென்மேற்குப் பக்கத்துப் பெரிய கொப்பு வாடியது.

முதலில் வந்த யோசனை எப்சம் உப்பு. அடுத்தது, தூரைச் சுற்றி அடித்து இறக்கும் உர முளை. நம்மூர் நண்பர் ஒருவர் வேப்பெண்ணெய் தெளிக்கச் சொன்னார். அவர் எதற்கும் வேப்பெண்ணெய் சொல்வார். புல்வெளி பராமரிக்க வருகிறவர் இரும்புச்சத்துக் குறைவு என்றார். மரங்களுக்கு வைத்தியம் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து வந்த இளைஞர், காரிலிருந்து இறங்கி மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தண்டில் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, ஒரு மாத மளிகைச் செலவுக்கு ஈடான தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்தார். இவர்கள் எல்லாருமே இலையைப் பார்த்துப் பேசினார்கள். குனிந்தவர் எவருமில்லை.

எனக்குக் கொஞ்சம் படிக்கிற பழக்கம் உண்டு. மேப்பிள் வாடுவதற்கான காரணங்களைப் படித்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தேன். வெயிலும் வறண்ட காற்றும் என்றால் இலையின் ஓரம் மட்டும் கருகும், வெயில் படுகிற பக்கம் முழுக்கக் கருகும். இங்கே உள்ளே நிழலில் இருந்த இலைகளும் சேர்ந்து தொங்கின. பின்பனி என்றால் ஏப்ரலிலேயே இளந்துளிர் எல்லாப் பக்கமும் கறுத்திருக்கும். பாக்டீரியாக் கருகலும் அந்தப் பருவத்தில்தான் நுனியைப் பிடிக்கும். தண்டைத் துளைக்கும் அம்ப்ரோசியா வண்டு என்றால் பட்டையிலிருந்து பல்குத்தும் குச்சி கனத்தில் மரத்தூள் இழை இழையாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதுவும் இல்லை. அணில்கள் மேப்பிள் பட்டையைக் கடித்து உரிக்கும் என்று தெரிந்து கிளைகளைத் தடவிப் பார்த்தேன். பட்டை முழுசாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் வாடிய கொப்பில்கூட அடிப்பக்கம் இன்னும் பச்சை தெரிந்தது.

மிஞ்சியது ஒன்றுதான், அதுதான் எல்லாரும் பயப்படுவதும்: வெர்டிசிலியம் வாடல் நோய்.

இது மண்ணில் வாழும் பூஞ்சை. டாலியாச் செடியில் கண்டுபிடிக்கப்பட்டதால் 1913-இல் அந்தப் பூவின் பெயரையே சேர்த்து வெர்டிசிலியம் டாலியே என்று பெயரிட்டார்கள். வேர் வழியாக நுழைந்து, நீர் ஏறுகிற குழாய்களுக்குள் பரவி அடைத்துவிடும். அடைபட்ட குழாய்களை நம்பியிருக்கும் கொப்பு வாடும், அடுத்த கொப்புக்கு ஒன்றும் ஆகாது. மேப்பிளில் இந்த நோய் இருந்தால், வாடிய கிளையைச் சாய்வாக வெட்டும்போது மரத்தின் உள்ளே ஆலிவ் பச்சை நிறத்தில் கோடுகள் தெரியும். மருந்து கிடையாது. செடி செத்தாலும் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத கறுப்புத் துகள்களாக மண்ணில் பத்து வருஷத்துக்கு மேல் கிடக்கும். முந்நூறுக்கும் மேற்பட்ட தாவர வகைகளை இது பிடிக்கும். அந்தப் பட்டியலின் முன்வரிசையில் இருப்பவை தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி.

அத்தை முதல்முறை வந்த 2013 கோடையில், மரத்திலிருந்து எட்டடி தள்ளிப் பாத்தி கட்டினார். நாற்றுகள் இங்கே உள்ளூர்ப் பண்ணையில் வாங்கியவை. அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் அங்கே கத்தரியும் தக்காளியும்தான். அவர் இல்லாத வருஷங்களில் என் மனைவி பார்த்துக்கொண்டாள். ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் எல்லாக் கத்தரிக்காயும் கிடைக்கும், இருந்தாலும் செடியிலிருந்து நேரே குழம்புக்குப் போகிற காயின் ருசி கடைக்காய்க்கு வராது என்பது வீட்டில் எழுதாத சட்டம். நான் படித்ததைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அந்தக் கோடையிலும் அத்தை வந்திருந்தார். சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

“எங்கூர்ல கத்தரி வாடுனா கத்தரியப் பாப்பாங்க. மரம் வாடுனதுக்குக் கத்தரியப் புடிச்சு உள்ள போடுறது இந்த ஊர்லதான் மாப்ள.”

வாடல் நோய் அவருக்குப் புதிதில்லை. ஊரில் கத்தரித் தோட்டம் ஒரே வாரத்தில் தலை கவிழ்ந்ததைப் பார்த்தவர். வேளாண்மைத் துறை ஆள் ஒருவர் அப்போது செய்து காட்டிய சோதனையை எனக்கும் செய்து காட்டத் தயாராக இருந்தார். வாடிய செடியின் தண்டை அறுத்து, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டு, அறுத்த முனை தண்ணீரில் படும்படி பிடிக்க வேண்டும். பாக்டீரியா வாடல் என்றால் கொஞ்ச நேரத்தில் முனையிலிருந்து பால் இழை இறங்கும். பூஞ்சை என்றால் இறங்காது. “உங்க பூஞ்சைக்கு என்ன சோதனை?” என்றார். கிளையை வெட்டிப் பார்ப்பதுதான் என்றேன். “வெட்டுங்க.”

வெட்டினோம். உள்ளே கறை இருந்தது. ஆனால் அது ஆலிவ் பச்சையா, வெறும் பழுப்பா என்று சொல்ல முடியவில்லை. சாகிற மரம் எப்படியும் உள்ளே கறுக்கத்தான் செய்யும். நான் பச்சை என்றேன். அத்தை பழுப்பு என்றார். என் மனைவி யார் பக்கமும் சேராமல் காபி போடப் போய்விட்டாள்.

அமெரிக்காவில் எனக்கு மிகவும் பிடித்த அரசு ஏற்பாடு ஒன்று உண்டு. 1914-இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ், மாநில வேளாண் பல்கலைக்கழகம் தான் அறிந்ததைச் சனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே கவுண்டிதோறும் விரிவாக்க அலுவலகம் வைத்திருக்கிறது. நியூ ஜெர்சியில் அது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அலுவலகத்தில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் இருப்பார்கள். வாடிய செடியை எடுத்துக்கொண்டு போனால் காசு வாங்காமல் பார்த்துச் சொல்வார்கள். நான் போன அன்று இருந்தவர் பணி ஓய்வு பெற்ற பெண்மணி. கையிலிருந்த கிளையை வாங்கி, வெட்டு முகத்தைப் பார்க்காமல், நுனியிலிருந்து கீழ்நோக்கி விரலால் தடவிக்கொண்டே போனார்.

மேப்பிள் குச்சியில் ஒவ்வொரு வருஷத்து மொட்டும் விரியும்போது அதை மூடியிருந்த செதில்கள் உதிர்ந்து, குச்சியைச் சுற்றி மெல்லிய வளையத் தழும்பு விழுகிறது. ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையம் வரைக்கும் உள்ள நீளம் அந்த ஒரு வருஷத்து வளர்ச்சி. பின்னோக்கி எண்ணினால் போன வருஷம், அதற்கு முந்தைய வருஷம் என்று பட்டை முரடாகும் வரை படிக்கலாம். அவர் பேனாவால் குச்சியின் மேலேயே வருஷங்களைக் குறித்தார். 2015, இரண்டு விரற்கடை. 2014-உம் அப்படித்தான். 2013, 2012, 2011 எல்லாம் அதே கதை. அதற்கும் கீழே, 2009 என்று அவர் எழுதிய இடத்தில், ஒரே பாய்ச்சலில் ஒரு சாண்.

வீடு திரும்பியதும் மரத்தின் வடக்குப் பக்கக் கிளைகளிலும் எண்ணிப் பார்த்தேன். அங்கே 2015-இலும் ஒரு சாணுக்குக் குறையவில்லை. ஆக, தென்மேற்குக் கொப்பு தேயத் தொடங்கியபோது நாங்கள் இந்த வீட்டுக்கே வரவில்லை. பாத்தியும் இல்லை, கத்தரியும் இல்லை. அத்தையிடம் சொன்னேன். அவர் பெரிதாக மகிழ்ந்துவிடவில்லை. “எனக்கு அப்பவே தெரியுமே” என்று மட்டும் சொன்னார்.

இதை வைத்து மட்டும் பூஞ்சையைக் கழித்துவிட முடியாது. முந்தைய வீட்டுக்காரர் தக்காளி போட்டிருக்கலாம். அதனால் பல்கலைக்கழகத்தின் நோயறி ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினோம். முழுக்கக் காய்ந்த குச்சி அதற்கு உதவாது; வாடிக்கொண்டிருக்கிற, இன்னும் உயிருள்ள, விரல் தடிமன் கிளை வேண்டும். அதைச் சீவி ஊட்டக்கூழில் வைத்து, பூஞ்சை வளர்கிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். விடை வர வாரங்கள் ஆகும். மாதிரியை வாங்கி வைத்துக்கொண்ட அந்தத் தொண்டர், நான் கிளம்பும்போது, தண்டு மண்ணுக்குள் நுழையும் இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நேராக இறங்குகிறது என்றேன். “அப்படியானால் தோண்டிப் பாருங்கள்” என்றார்.

மரம் எதுவும் நேராக மண்ணுக்குள் இறங்கக் கூடாது. ஆலமரமானாலும் மேப்பிளானாலும் தூர் விரிய வேண்டும், வேர்கள் பிரிந்து நாலாபக்கமும் ஓடத் தொடங்குவது மண்ணுக்கு மேலேயே தெரிய வேண்டும். எங்கள் மரத்துக்கு ஒரு பக்கம் கொஞ்சம் விரிவு தெரிந்தது. தென்மேற்கில் தண்டு தட்டையாக, மட்டம் பிடித்தாற்போல் இறங்கியது. அத்தையின் கண்ணுக்கு ஒட்டுத் தழும்பு ஏன் படவில்லை என்பதற்கும் இதுதான் காரணம்: அது புதைந்திருந்தது.

புதைத்தது யார் என்றால், ஒவ்வொரு வசந்தத்திலும் இந்த ஊரில் நடக்கும் சடங்குதான். மரச்சீவல் மூடாக்கை லாரியில் கொண்டுவந்து, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் கூம்பாகக் குவித்துவிட்டுப் போவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். பழையது மக்குவதற்குள் அதன் மேலேயே புதியது விழும். மூடாக்கு மரத்துக்கு நல்லதுதான், இரண்டு மூன்று அங்குல கனத்தில், தண்டைத் தொடாமல் இருந்தால். மெதுவடை போல நடுவில் குழி விட்டுப் பரப்ப வேண்டியதை இவர்கள் சாணம் குவித்த மாதிரி குவிக்கிறார்கள். ஈரம் தண்டுப் பட்டையை ஊற வைக்கும். வேர்களும் காற்றைத் தேடி மேலே ஏறி, மூடாக்குக்குள்ளேயே சுற்றத் தொடங்கும்.

தோண்டியவர் அத்தை. மண்வெட்டியை என்னிடம் கொடுக்கவில்லை. மண்வெட்டி பட்டால் வேர் போய்விடும் என்று களைக்கொத்தியும் கையும்தான். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு காலை முழுக்க நோண்டினார். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்து மண்ணைக் கரைத்துக் கொடுத்தேன். மூடாக்கு போய், சல்லிவேர் போய், எங்கள் பகுதிக்கே உரிய சிவப்புக் களிமண் வந்தது. ஒரு சாண் ஆழத்தில் அவர் கை நின்றது.

“மாப்ள, இங்க பாருங்க.”

மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர், வெளியே ஓடாமல், தண்டின் தென்மேற்குப் பக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது. அது அழுத்திய இடத்தில் தண்டு பள்ளமாகியிருந்தது. அதன் மேல் இன்னொரு சிறிய வேர் குறுக்கே.

“பையில ரொம்ப நாள் கெடந்த கன்னு” என்றார் அத்தை. “எங்கப்பா மாங்கன்னு வாங்கப் போனா மொதல்ல பையக் கிழிச்சுப் பாப்பாரு. வேர் சுருண்டு கெடந்தா அப்படியே திருப்பிக் குடுத்துருவாரு.”

இங்கேயும் நடந்தது அதுதான். கன்று தொட்டியில் வளரும்போது வேர் சுவரில் முட்டி வட்டமாகத் திரும்புகிறது. அதைப் பிரித்துவிடாமல் அப்படியே குழியில் இறக்கினால் வட்டம் வட்டமாகவே தடிக்கும். தண்டும் தடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று நெருக்க, நெருக்கிய பக்கத்தில் மேலே நீர் ஏறுவதும் இலையில் சமைத்தது கீழே இறங்குவதும் குறையும். பெரும்பாலும் ஒரு பக்கத்து வேர் அதே பக்கத்துக் கொப்புகளுக்குத்தான் ஊட்டுகிறது. அதனால்தான் ஒரே கொப்பு. நட்டுப் பத்துப் பதினைந்து வருஷம் வரை மரம் எதையும் காட்டிக்கொள்ளாது. இந்த மரத்தைத் தொட்டியில் சுமந்து வந்தவரும், குழியில் இறக்கியவரும், அதன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முந்தைய வீட்டுக்காரரும், எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். அவர்கள் பார்த்த வரைக்கும் சரியாகத்தான் இருந்தது.

ஆய்வக விடை ஜூலைக் கடைசியில் வந்தது. மாதிரியில் வெர்டிசிலியம் வளரவில்லை. ஒரு மாதிரியில் வளராததால் மரத்தில் எங்குமே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் கையில் இத்தனை தடிமனான வேர் இருக்கும்போது பூஞ்சையைத் தேடிப் போக வேண்டியதில்லை. சந்தேகத்தின் பலனை அளித்துக் கத்தரியை விடுவித்தோம். பாத்தியை மட்டும் வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றினேன், மேப்பிளுக்குப் பக்கத்தில் அந்தக் குடும்பத்துச் செடிகள் எப்படியும் வேண்டாம் என்பதால். விடுதலை செய்துவிட்டு நாடு கடத்துகிறார் என்று அத்தை தன் மகளிடம் சொன்னதாகக் கேள்வி.

வேரை வெட்டுவதற்குச் சான்றிதழ் பெற்ற மர வல்லுநர் ஒருவரை அழைத்தோம். அவர் கோடை வெயிலில் வேரைத் தொட மறுத்து, இலை கொட்டும் பருவம் வரை காத்திருக்கச் சொன்னார். காய்ந்த கொப்பை மட்டும் அப்போதே எடுத்தார். மேப்பிளைப் பிப்ரவரி, மார்ச்சில் வெட்டினால் சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டதும், இந்தச் சாற்றில்தானே இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் பாகு காய்ச்சுகிறார்கள் என்று அத்தைக்கு ஆர்வம். அது சர்க்கரை மேப்பிள், வேறு மரம் என்றேன். எங்கள் வீட்டில் பாகை இட்லிக்கு ஊற்றுவது என் மகன் ஒருவன்தான். அதை இங்கே பதிவு செய்வது அவனுக்குப் பிடிக்காது.

கொப்பை எடுத்த காயத்தில் என்ன பூசுவது என்பதில் ஒரு வாக்குவாதம். மாமரத்தை வெட்டினால் போர்டோ பசை பூசுவது அத்தைக்குத் தெரிந்த முறை. அது இல்லாவிட்டால் சாணியும் செம்மண்ணும். வல்லுநர் ஒன்றும் வேண்டாம் என்றார். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்தவர். மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துவிட்டுப் புதிய மரத்தை வெளியே வளர்க்கிறது என்று 1977-இல் அவர் வெளியிட்ட கையேடு கிளை வெட்டும் முறையையே மாற்றிவிட்டது. கிளையைத் தண்டோடு ஒட்டச் சீவக் கூடாது. அடியில் புடைத்திருக்கும் கழுத்தை விட்டு வெட்ட வேண்டும். சுவர் எழும்புவது அந்தக் கழுத்திலிருந்துதான். பூச்சு எதுவும் அதற்கு உதவுவதில்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். “சரி, அவரு அறுத்துப் பாத்திருக்காரு” என்று அத்தை விட்டுவிட்டார். மாந்தோப்பு மழையும் வெயிலும் வேறு என்பதால் போர்டோ பசையை நானும் குறை சொல்லப் போவதில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் சிறிய வேரை முழுசாகவும், பெரிய வேரை இரு முனைகளிலும் உளியால் நறுக்கினார்கள். தண்டில் பதிந்த நடுத்துண்டைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் பட்டையும் சேர்ந்து வரும். அடியில் தெரிந்த இன்னொரு வளைந்த வேரை அடுத்த வருஷத்துக்கு ஒத்திப்போட்டார்கள். பிறகு செய்ததெல்லாம் சாதாரண வேலை. மழை இல்லாத வாரத்தில் மெதுவாக, ஆழமாக ஒரு தண்ணீர். தூரைத் தொடாத மூடாக்கு. தழைச்சத்து உரம் கிடையாது. வேர் குறைந்திருக்கும்போது இலையைப் பெருக்குவது மரத்துக்குப் பாரம்.

2017-இல் இன்னும் ஒரு சிறு கிளை போனது. 2018-இல் தென்மேற்கில் மிஞ்சிய கிளைகள் ஐந்து விரற்கடை வளர்ந்தன. அது வேரை வெட்டியதாலா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நியூ ஜெர்சியில் அதுவரை பதிவானதிலேயே மழை அதிகமான ஆண்டு அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மழை குறைந்தும் வளர்ச்சி குறையவில்லை என்பதால் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். மரம் இப்போது ஒரு பக்கம் மொட்டையாக, சாய்ந்த தோரணையில் நிற்கிறது. வீட்டுக்கு வருகிற சிலர் அதை வேண்டுமென்றே அப்படி வளர்த்ததாக எண்ணிப் பாராட்டுகிறார்கள். நான் மறுப்பதில்லை.

போன அக்டோபரில் பக்கத்து வீட்டுக்காரர் தன் முன்வாசலுக்கு ஒரு மேப்பிள் கன்று வாங்கி வந்தார். நல்ல விலை. தொட்டியிலிருந்து உருவினோம். வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிக் கிடந்தது. மண்ணைக் கழுவி, சுற்றிய வேர்களை நறுக்கி, மிச்சத்தை விரித்து வைத்து நடலாம் என்றேன். அவர் ரசீதை எடுத்துப் படித்தார். ஓராண்டு உத்தரவாதம் உண்டு. வேரைக் கலைத்தால் அது செல்லாது. ரம்பத்தையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கழுவாமல் நட்டால் செத்துவிடுமா?”

“முதல் வருஷம் சாகாது. உத்தரவாதத்துக்கு வேலையே இருக்காது.”

ரசீதைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துவிட்டு, குழாயைத் திறக்கப் போனார்.